இருவர் பயணமும் பதினைந்து நாள் விடுமுறையும்

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பெட்டியுடன் புறப்பட்டு, பிடித்த ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, பிடிக்காத ஊரை அன்றே விட்டகன்று, ஆற அமர ஐரோப்பாவைச் சுற்றி வருவது இந்நாளில் வியப்புக்குரிய செய்தி அன்று. இருவர் கலந்து பேசித் திட்டமிட்டு, இருவருமாகக் கண்டு மகிழும் இந்த எளிய இன்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் பாடநூல்களில் கிடைக்கும் இடம் அதற்குக் கிடைப்பதில்லை. ஆயினும் அவ்வரலாற்றில் அவதூறு உண்டு, ஏளனம் உண்டு. ஒரு நாட்டின் பிரதம மந்திரியாக இருந்தவர் குற்றவாளிக் கூண்டில் நின்று அதைப் பற்றிப் பேச நேர்ந்த காட்சியும் உண்டு. இத்தகைய பயணத்துக்குப் பணம் வேண்டும், வழி வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். மூன்றாவதாக ஒன்று வேண்டும், அது காலம். பணமும் வழியும் எளிதான பின்னரும் காலம் மட்டும் நெடுநாள் எட்டாக்கனியாகவே இருந்தது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தல் என்பது ஆங்கிலப் பிரபுக்களின் புதல்வர்களுக்கு உரிய கல்வியாக இருந்தது. ‘கிராண்ட் டூர்’, அதாவது பெரும் பயணம் என்று அதற்குப் பெயர். பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவந்த இளைஞன் ஓர் ஆசிரியரைத் துணையாகக் கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடப்பான். பாரிஸில் நடனமும் வாட்பயிற்சியும் கற்பான். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி டூரின், பிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் நகரங்களைக் கண்டு, ஓவியங்களும் உடைந்த சிலைகளும் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வீடு திரும்புவான். மான் செனீ கணவாயில் வண்டிப்பாதை இல்லாத காலம் அது. வண்டியைத் தனித்தனியாகக் கழற்றிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றுவார்கள். பயணியை நாற்காலியில் அமர்த்திச் சுமையாட்கள் மலைமீது தூக்கிச் செல்வார்கள். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தே 1764 முதல் 1766 வரை ஓர் இளம் பிரபுவுக்கு ஆசிரியராகப் பிரெஞ்சு நாட்டில் சுற்றியவர்தாம். ஆயினும் 1776இல் வெளிவந்த தம் பெருநூலில், இவ்வாறு அனுப்பப்படும் இளைஞர்கள் முன்னிலும் செருக்குற்று, ஒழுக்கம் குன்றித் திரும்புகிறார்கள் என்னும் கருத்தை அவர் எழுதத் தயங்கவில்லை. அருகிருந்து பார்த்தவரின் சான்று இது.

இப்பயணத்தில் மனைவிக்கு இடம் இல்லை. திருமணத்துக்கு முன் முடித்துவிட வேண்டிய காரியமாக அது கருதப்பட்டது. பெண்கள் அறவே செல்லவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் கணவனும் மனைவியும் சரிநிகராக, ஒருவர் மகிழ்ச்சியை மற்றவர் பங்கிட்டுக்கொள்ளும் பொருட்டே செல்வது அரிதாக இருந்தது. அப்படிச் சென்ற ஓர் இணையரை இங்கே சற்று நின்று பார்ப்போம்.

ஹெஸ்டர் திரேல் என்னும் அம்மையார் இலண்டன் மது வடிப்பாலை முதலாளி ஒருவரின் மனைவி. அகராதி வகுத்த சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய தோழி. 1781இல் கணவர் காலமானார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1784இல், கேப்ரியல் பியோஸ்ஸி என்னும் இத்தாலிய இசையாசிரியரை அம்மையார் மணந்தார். அப்போது அவருக்கு வயது 43. மணமகன் அயல்நாட்டார், கத்தோலிக்கர், அதற்கும் மேலாகப் பாட்டு வாத்தியார்! இலண்டன் சமூகம் கொதித்தெழுந்தது. பெற்ற பெண்மக்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஜான்சன் கடுமையான கடிதம் எழுதினார். அம்மையார் மிடுக்கோடு மறுமொழி எழுதினார். அவ்வாண்டு இறுதியிலேயே ஜான்சன் மறைந்தார். நட்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

1784 செப்டம்பரில் புதுமணத் தம்பதிகள் புறப்பட்டார்கள். திரும்பியது 1787 மார்ச்சில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் பிரெஞ்சு நாட்டைக் கடந்து மிலான் நகரில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். வெனிஸ், பிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் ஆகியவற்றைக் கண்டார்கள். ஜெர்மானிய நாடுகளின் வழியே மீண்டார்கள். இளம் பிரபுக்கள் சென்ற பாதையே இது. ஆனால் பயணத்தின் தன்மை வேறு. கணவருக்கு இத்தாலி தாய்நாடு, மனைவிக்கு அது புதுநாடு. ஒருவர் காட்ட ஒருவர் காண்கிறார். அவசரப்பட்டுத் திரும்ப அவர்களுக்கு எவ்விதக் காரணமும் இல்லை. ஊரில் ஏச்சுத்தான் காத்திருந்தது. ஜான்சனைப் பற்றிய தம் நினைவு நூலையே அம்மையார் இத்தாலியில் இருந்தபடி எழுதி 1786இல் வெளியிட்டார். 1789இல் வந்த அவருடைய பயண நூல், எதிரே அமர்ந்து பேசுவது போன்ற நடையில் அமைந்தது. பேச்சு மொழியில் நூல் எழுதலாமா என்று விமரிசகர்கள் குறை கூறினார்கள். நமக்கோ அந்தக் குறையே இன்று அந்நூலின் சுவையாகத் தோன்றுகிறது. பின்னாளில் வேல்ஸ் நாட்டில் இருவரும் இத்தாலியப் பாணியில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். குன்று என்னும் பொருளுள்ள வேல்ஸ் சொல்லையும் அழகு என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல்லையும் இணைத்து அதற்குப் ‘பிரின்பெல்லா’ என்று பெயரிட்டார்கள். பியோஸ்ஸி 1809இல் அங்கேயே உயிர்நீத்தார்.

அந்த அம்மையாரிடம் செல்வம் இருந்தது. ஆகவே காலமும் அவர் கையில் இருந்தது. அவை இரண்டும் இல்லாதோர் என்செய்வது? வழியைப் பொறுத்தவரை விடை விரைவில் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலையின் சிம்ப்ளான் கணவாயில் படைகளுக்காக நெப்போலியன் அமைத்த பாதை 1805இல் முடிந்தது. 1815இல் வாட்டர்லூப் போருடன் அவன் வீழ்ந்ததும், அப்பாதையில் பீரங்கிகளுக்குப் பதிலாகக் குடும்பங்கள் சென்றன. இருபது ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த ஆங்கில நடுத்தர வகுப்பார் திரள் திரளாகக் கால்வாயைக் கடந்தார்கள். 1827 முதல் ரைன் நதியில் கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடலாயின.

அவர்களுக்கு வழிகாட்ட எழுதியவர்களுள் முதன்மையான ஒருவர் மரியானா ஸ்டார்க் என்னும் பெண்மணி. தமிழ்நாட்டு நேயர்கள் இப்பெயரை அறிந்துகொள்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. அவருடைய தந்தை ரிச்சர்ட் ஸ்டார்க், கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் துணை ஆளுநராக இருந்தவர். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் ராபர்ட் கிளைவ். நோயுற்ற உறவினரைப் பேணுவதற்காக இத்தாலியில் சில ஆண்டுகள் வாழ்ந்த மரியானா, அங்கே பெற்ற பட்டறிவை 1800இலும், விரிவாக 1820இலும் நூலாக்கினார். எந்த ஊரில் எந்த விடுதி, வண்டிக்காரனுக்கு என்ன கூலி, சலவைக்கு எவ்வளவு என்று இல்லத்தரசியின் கண்கொண்டு அவர் கணக்குச் சொன்னார். கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை என்று அவர் தந்த பட்டியலில் தோல் விரிப்புகள், தலையணை, கம்பளி, தேநீர்ப் பாத்திரம், மருந்துப் பெட்டி இவற்றோடு, விடுதி அறைக் கதவுக்கு மாட்டிக்கொள்ளச் சொந்தப் பூட்டும் இடம்பெற்றது. மூட்டைப்பூச்சியும் திருடனும் அக்காலப் பயணியின் நித்திய துணைவர்கள் என்பதை அப்பட்டியலே சொல்லிவிடுகிறது. சிறந்த ஓவியங்களுக்குப் பக்கத்தில் அவர் வியப்புக்குறிகள் இட்டார். மிகச் சிறந்தவற்றுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல குறிகள். பிற்கால வழிகாட்டி நூல்களின் நட்சத்திரங்களுக்கு இதுவே முன்னோடி.

நூலை வாசித்தவர்கள் அடுத்துச் செய்தது வண்டிக்காரனோடு பேரம். இத்தாலியில் ‘வெட்டுரீனோ’ என்றழைக்கப்பட்ட வண்டிக்காரன், இன்ன ஊருக்கு இத்தனை நாளில் கொண்டு சேர்ப்பேன், வழியில் இரவு உணவும் படுக்கையும் என் பொறுப்பு என்று பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவான். குதிரை மாற்றாத வண்டியாதலால் பயணம் மெதுவாகவே நடக்கும். குதிரை இளைப்பாறும்போது பயணிகள் இறங்கி நடப்பார்கள். திராட்சைத் தோட்டத்தைப் பார்ப்பார்கள். ஊர்க்காரரோடு பேச முயல்வார்கள். விரைவு இல்லாததே அப்பயணத்தின் பேறு என்று நமக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு அவ்வாறு தோன்றியிராமலும் இருக்கலாம்.

1836இல் இலண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரேயின் கையேடு வந்தது. ரைன் நதிக்கரையில் கோப்லென்ஸ் நகரில் புத்தகக் கடை வைத்திருந்த கார்ல் பேடெக்கர் என்பவரும் அதே காலத்தில் இத்தொழிலில் இறங்கினார். கூலி வழிகாட்டிகளின் பிடியிலிருந்து பயணியை விடுவித்து, அவனைத் தன் காலில் நிற்கச் செய்வதே அவர் நோக்கம். அவருடைய நுணுக்கத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். மிலான் பேராலயத்தின் கூரைக்குப் படியேறும்போது இருபது படிக்கு ஒரு முறை மேற்சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் காற்சட்டைப் பையில் இடுவாராம். இறங்கும்போது அதே கணக்கைத் திருப்பிச் செய்து சரிபார்ப்பாராம். ஆனால் அவர் நூலில் இட்ட நட்சத்திரங்கள் வேறொரு விளைவையும் உண்டாக்கின. நட்சத்திரமிட்ட இடங்களைப் பார்த்து முடித்தால் ஊரைப் பார்த்து முடித்ததாகப் பொருள் என்னும் எண்ணம் அவற்றோடு பிறந்தது. அந்நோய் நம்மை இன்றும் விட்டபாடில்லை.

புகைவண்டி வந்தது, அதனோடு தாமஸ் குக் வந்தார். 1841 ஜூலை 5ஆம் நாள், லெஸ்டரிலிருந்து லஃப்பரோ வரை ஏறக்குறைய ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்ற அச்சகத்தார் இவர். 1855இல் ஐரோப்பாக் கண்டத்துக்கும், 1863இல் சுவிட்சர்லாந்துக்கும் கூட்டம் சேர்த்துச் சென்றார். 1868 முதல் விடுதிகளில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கத்தக்க சீட்டுகளை வழங்கினார். அயல்மொழியும் அயல்நாணயமும் அறியாத ஆசிரியரும் எழுத்தரும் கடைக்காரரும், மனைவியரோடும் சகோதரிகளோடும் அச்சமின்றி ஆல்ப்ஸ் மலையைக் காண இவர் வழிசெய்தார். இது சிறிய தொண்டன்று. பழைய பயணிகளுக்கு இது பொறுக்கவில்லை. சார்ல்ஸ் லீவர் என்னும் நாவலாசிரியர் 1865இல் ஒரு பத்திரிகையில் புனைபெயரில் எழுதி, குக்கின் கூட்டத்தாரை மந்தையாகச் சித்திரித்து எள்ளி நகையாடினார். அழகிய இடங்களைக் காணும் உரிமை சிலருக்கு மட்டுமே உரியதா என்னும் வழக்கை முன்வைத்துக் குக் வன்மையாக எதிர்வாதம் செய்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2019 செப்டம்பரில் கடன் சுமையால் மூடப்படும் வரை ஏறத்தாழ 178 ஆண்டுகள் வாழ்ந்தது.

குக் கட்டணத்தைக் குறைத்தார். காலத்தைக் கூட்டித் தர அவரால் இயலவில்லை. அவருடைய பயணிகளுக்குக் கிடைத்த விடுப்பு இரண்டு மூன்று வாரமே. ஆகவே விடியுமுன் எழுந்து, ஒரே நாளில் புகைவண்டி, கப்பல், கோவேறு கழுதை எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, நள்ளிரவில் படுத்தார்கள். 1863ஆம் ஆண்டுப் பயணத்தில் சென்ற ஜெமைமா மாரெல் என்னும் யார்க்ஷயர் நங்கையின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் மகிழ்ச்சி பொங்குகிறது. ஆனால் மூச்சும் வாங்குகிறது.

இந்த ஓட்டத்துக்கு மாறாக, தம் கால்களையே நம்பிப் புறப்பட்ட ஓர் அமெரிக்கத் தம்பதியர் உண்டு. ஓவியர் ஜோசப் பென்னெலும் எழுத்தாளர் எலிசபெத் ராபின்ஸும் 1884இல் மணந்துகொண்டார்கள். அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே இருவர் அமர்ந்து மிதிக்கும் மூன்றுசக்கர வண்டி ஒன்றில் பிளாரன்ஸிலிருந்து ரோம் வரை சென்றார்கள். அவர் வரைந்தார், இவர் எழுதினார். மறு ஆண்டு லாரன்ஸ் ஸ்டெர்ன் என்னும் பழைய நாவலாசிரியரின் அடிச்சுவட்டைப் பின்பற்றிப் பிரெஞ்சு நாட்டில் மிதித்தார்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். மழையில் நனைய வேண்டும். விடுதிக்காரர் சேறு படிந்த விருந்தினரை ஐயத்தோடு நோக்குவார். எனினும் எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது என்பதைக் கால அட்டவணை தீர்மானிக்கவில்லை; அவ்விருவருமே தீர்மானித்தார்கள். எழுத்தும் ஓவியமும் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது இயன்றது. எலிசபெத் பிற்காலத்தில் சமையற்கலை நூல்களைச் சேர்ப்பதில் பேர்பெற்றார் என்பதையும் சொல்லிவைக்கலாம். வழியில் உண்ட உணவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமற் போகாது.

ஆலைத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் ஆண்டுக்கு ஒரு வாரம் மூடப்படும். அவ்வாரத்துக்குக் கூலி கிடையாது. தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில பென்னிகள் சேமிப்புச் சங்கத்தில் கட்டி, அந்த ஒரு வாரத்தைக் கடற்கரையில் கழித்தன. பெரும்பாலான தொழிலாளர்களுக்கு விடுமுறை என்றால் பட்டினி நாள் என்றே பொருள். அவர்களை ஆள 1930களில் எழுந்த சர்வாதிகாரிகள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1933இல் ‘மகிழ்ச்சியின் வழியே வலிமை’ என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை நிறுவி, தொழிலாளரைக் கப்பல்களில் உல்லாசப் பயணம் அனுப்பியது. கட்டணம் குறைவு, ஆனால் பயணிகளோடு ஒற்றர்களும் ஏறினார்கள். அரசு காட்டியதைக் காண்பதும், அரசு விரும்பியபோது கைதட்டுவதும் அங்கே பயணமாயின.

1936 கோடையில் பிரெஞ்சு நாட்டில் நடந்தது வேறு. மே மாதத் தேர்தலில் மக்கள் முன்னணி வென்றது. புதிய அரசு பதவியேற்பதற்கு முன்பே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள்; இயந்திரங்களின் நடுவே கைப்பெட்டி வாத்தியம் வாசித்து நடனமாடினார்கள். ஜூன் 4ஆம் நாள் லேயான் ப்ளும் பிரதமரானார். ஜூன் 20ஆம் நாள், ஓராண்டு பணியாற்றிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஊதியத்துடன் பதினைந்து நாள் விடுமுறை அளிக்கும் சட்டம் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறியது. நான்கு நாள் கழித்து ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனமும் இதே பொருள் பற்றி ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் விடுமுறையை என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியவில்லை. சிலர் அதை வேலை நீக்கம் என்று அஞ்சியதாகவும் சொல்வார்கள். ஓய்வு நேரத்துக்கென்றே அமைக்கப்பட்ட துணை அமைச்சகத்தின் பொறுப்பில் லேயோ லக்ராஞ்ச் என்னும் இளைஞர் இருந்தார். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அதற்குச் ‘சோம்பேறித்தன அமைச்சகம்’ என்று பெயர் சூட்டின. அவர் புகைவண்டிக் கம்பெனிகளோடு வாதாடி, விடுமுறைத் தொழிலாளிக்கு நாற்பது சதவிகிதம் கட்டணச் சலுகை பெற்றார். ஆகஸ்ட் 3 முதல் அச்சீட்டுகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டே ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் அவற்றில் பயணம் செய்தார்கள். பெரும்பாலோர் சென்றது சொந்த கிராமத்துக்குத்தான். வீட்டைவிட்டு நகராதவர்களும் பலர். கடலை முதல் முறையாகக் கண்டவர்களும் உண்டு. கடற்கரை மாளிகைகளில் பரம்பரையாகக் கோடையைக் கழித்தவர்கள், துணித்தொப்பி அணிந்த இக்கூட்டத்தைக் கண்டு மூக்கைச் சுளித்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் குக்கின் பயணிகள் பெற்ற அதே வரவேற்பு!

பணம் குறைந்த இளம் தம்பதிகளுக்குக் கைகொடுத்தது ‘டாண்டம்’ என்னும் இரட்டைச் சைக்கிள். முன்னால் கணவன், பின்னால் மனைவி; இருபுறமும் தொங்கும் பைகளில் கூடாரம், போர்வை, அடுப்பு, ரொட்டி. பயணச்சீட்டு வேண்டியதில்லை, விடுதி வாடகை இல்லை. ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தால் அதுவே வீடு. பணக்காரத் தம்பதிக்கு இத்தாலியில் கிடைத்த இரண்டரை ஆண்டு எங்கே, இந்தப் பதினைந்து நாள் எங்கே? ஆயினும் இந்தப் பதினைந்து நாளும் முழுக்க முழுக்க அவர்களுடையவை. எந்தச் சங்கும் ஊதி அவர்களை எழுப்பவில்லை.

நான்கே ஆண்டுகளில் போர் அவர்களைச் சூழ்ந்தது. லக்ராஞ்ச் தாமே விரும்பிப் படையிற் சேர்ந்து 1940 ஜூன் 9ஆம் நாள் போர்க்களத்தில் மாண்டார். அம்மாதமே பிரான்ஸ் தோற்றது. விஷி நகரில் அமைந்த புதிய ஆட்சி, தோல்விக்குக் காரணமானவர்கள் என்று ப்ளும் முதலியோர் மீது வழக்குத் தொடுத்து, 1942 பிப்ரவரி 19ஆம் நாள் ரியோம் நகரில் விசாரணை தொடங்கியது. நாற்பது மணி நேர வேலை வாரமும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் தொழிலாளரைச் சோம்பர்களாக்கிப் படைக்கலத் தயாரிப்பைக் கெடுத்தன என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இவ்வாறாக, இரண்டு பேர் சைக்கிளில் ஊர்சுற்றியது ஒரு நாட்டின் வீழ்ச்சிக்குக் காரணமாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது.

ப்ளும் அப்போது எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்தார். யூதராகப் பிறந்த அவருக்குத் தம் உயிரின் நிலை தெரியாததன்று. அவர் சட்ட நுணுக்கம் பேசிப் பொறுப்பைத் தட்டிக்கழித்திருக்கலாம். மாறாக, தாம் கண்ட ஒரு காட்சியை நீதிபதிகளுக்கு எடுத்துரைத்தார். பதவியில் இருந்தபோது அலுவலகத்தை விட்டுத் தாம் வெளியே சென்றது அபூர்வம் என்றார்; சென்றபோதெல்லாம் பாரிஸ் புறநகர்ச் சாலைகளில் பழைய மோட்டார் வண்டிகளும் இரட்டைச் சைக்கிள்களும் வரிசையாகச் செல்வதையும், அவற்றில் தொழிலாளித் தம்பதிகள் ஒரே மாதிரியான கம்பளிச் சட்டை அணிந்து செல்வதையும் கண்டதாகச் சொன்னார். ஓய்வு என்னும் எண்ணமே அவர்களிடம் அழகாக உடுக்கும் ஆசையை எழுப்பியிருந்ததைக் குறிப்பிட்டார். இருண்ட, கடினமான வாழ்க்கைகளில் சிறிது வெளிச்சம் கொணர்ந்தோம் என்னும் நிறைவு அக்காட்சியால் தமக்கு உண்டானதாகவும் கூறினார்.

விசாரணை குற்றம் சாட்டியவர்களுக்கே பாதகமாகத் திரும்பியது. ஜெர்மானியரும் சினந்தார்கள். ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. தீர்ப்பு வழங்கப்படவே இல்லை. ப்ளும் 1943இல் புக்கன்வால்ட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945இல் உயிருடன் மீண்டு, 1950இல் காலமானார். பிரான்சில் பதினைந்து நாளாக இருந்த அந்த விடுமுறை 1956இல் மூன்று வாரமாகவும், 1969இல் நான்கு வாரமாகவும், 1982இல் ஐந்து வாரமாகவும் நீண்டது.